வராத ட்ராம்

சந்தை முனையில் சிக்னல் ட்ராமுக்கு வழி விட்டது. கார்கள் நின்றன. ட்ராம் வரவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்று முன்பு நூலக முனையிலும் இதே கூத்துதான்.

ஒவ்வொரு ட்ராமின் அடியிலும் அதன் எண்ணைச் சொல்லும் சின்ன டேக் ஒன்று உண்டு. தண்டவாளத்துக்கு நடுவே புதைத்த கம்பி அதைக் கண்டுகொண்டால்தான் சிக்னல் மாறும். இப்போது அந்தக் கம்பி எதைக் கண்டது?

பேய்தான் ஓட்டுகிறது போலும் என்று சிரித்தார் பக்கத்து இருக்கைக்காரர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி போனில் சொன்னதே காதில் நின்றது.

"அக்கா, அப்பாவைக் காணோம். கதவு திறந்து கெடக்கு, சாவிக்கொத்தையும் காணோம். செருப்புகூட போட்டுக்கல."

பெற்ற மகளையே சில நாட்களில் யார் என்று கேட்கிற அப்பா. தம்பி பூங்கா, டீக்கடை என்று தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தான். மாற்று ஆள் வராமல் இவளால் நாற்காலியை விட்டு எழ முடியாது.

பள்ளிக்கூட முனை திறந்தது. அங்கேயும் ட்ராம் இல்லை.

மேலதிகாரி போனில் எகிறினார். அந்தத் தடத்தில் ட்ராமுக்கு வழி விடுவதையே அணைத்துத் தொலைக்கச் சொன்னார்.

அணைக்கப் போனவளுக்கு ஏதோ உறுத்தியது. இந்த ட்ராம் ஏன் இவ்வளவு மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் வருகிறது?

வண்டி எண்ணைப் பார்த்தாள். எப்போதோ காயலான் கடைக்குப் போன வண்டி. கணினியிலிருந்து அதை நீக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன் டேக்கை மட்டும் பணிமனைக்காரர்கள் கழற்றி, அதை ஓட்டியவர் ஓய்வு பெற்ற அன்று நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள்.

அது அவள் வீட்டுச் சாவிக்கொத்தில்தான் தொங்கும்.

பின்னால் வந்த ட்ராம்களை நிறுத்தினாள். அடுத்து வரும் பாலத்து முனைக்கு ஓடு, தண்டவாளத்தைப் பார் என்று தம்பிக்குச் சொன்னாள். பிறகு பாலத்து முனையில் எல்லாப் பக்கமும் சிவப்பு போட்டாள்.

இல்லாத ட்ராமுக்காக ஊரையே நிறுத்துவதா என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"ட்ராம்தான் இல்ல சார்," என்றாள் அவள். "டிரைவர் வந்துட்டிருக்காரு."