வெள்ளைப் பக்கம்

முகவாதம் வந்த இந்த எட்டு மாதத்தில் யசோதினி ஒரு படத்துக்கும் நிற்கவில்லை. இடது கண் சரிந்து, வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. சிரிப்பு வந்தால் கைதான் முதலில் வாய்க்குப் போகும். மாற்றமாயிருக்கட்டும் என்று புருசன் நேசன் அவளைச் சிநேகிதர் பாலேந்திராவின் படகில் தூண்டில் போடக் கூட்டிவந்தான். அரை மணி நேரம் மல்லுக்கட்டி அவள் இழுத்தெடுத்த ஹலிபட் மீன் அவளுடைய நெஞ்சளவு இருந்தது. தட்டையான உடம்பு, கண் இரண்டும் ஒரே பக்கத்தில். வாயும் கோணல்.

"பிறக்கேக்கையே இப்பிடியோ அண்ணை?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை," என்றார் பாலேந்திரா. "குஞ்சில மற்ற மீன் மாதிரித்தான். பிறகு ஒரு கண் மெல்ல மெல்லத் தலைக்கு மேலால மற்றப் பக்கம் போயிடும். வாயும் இழுபட்டிடும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகுதான் சீவியமே. அடியில படுத்து முப்பது வருசம் ராசாத்தி மாதிரி இருக்கும்."

கரைக்கு வந்ததும் அவர் மீனைக் கொக்கியில் தொங்கவிட்டு, வழக்கம்போலக் கண்ணில்லாத வெள்ளைப் பக்கத்தைக் கமெராவுக்குத் திருப்பினார். படத்துக்கு அதுதான் பளிச்சென்று இருக்கும். யசோதினியும் பக்கத்தில் நின்று, ஆட்களுக்கு முன்னால் நிற்கும் பழக்கத்தில் இழுபடாத வலது கன்னத்தைக் காட்டினாள். நேசன் ஃபோனை உயர்த்தினான்.

"கொஞ்சம் பொறுங்கோ."

அவள் மீனைச் சுழற்றிக் கண்களை முன்னால் கொண்டுவந்தாள். அது கமெராவைப் பார்த்தது. மீனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் நேரே நிமிர்ந்தாள். சிரிப்பு வந்தபோது வாயைப் பொத்த அவளிடம் கை மிச்சமில்லை. அவள் தேடவுமில்லை.