இறுக்கிய செயின்

"அந்த வண்டிக்கு வயித்து வலியாப்பா?" என்று கதிரேசனிடம் மகள் கேட்டாள். பக்கத்து வீட்டு ஜெபமணியின் மோட்டார் சைக்கிள் செயின் எண்ணெயின்றிக் கிறீச்சிட்டது. சாக்கடைத் தகராறு நடந்த நாளிலிருந்து ஜெபமணியை முறைத்துக்கொண்டே திரிந்த கதிரேசன், சுவருக்கு மேல் கத்தினார்: "ரெண்டு சொட்டு எண்ணெய் விட வக்கில்லாதவனுக்கு வண்டி ஒரு கேடா?"

"என் வண்டி கத்தும், குதிக்கும். நீ காதைப் பொத்திக்க!" என்ற ஜெபமணி, சத்தம் நிற்குமென்று செயினை இன்னும் இறுக்கினார். அது விறைத்து நிற்பதைக் கதிரேசன் சுவர் வழியே பார்த்தார். பள்ளத்தில் இறங்கினால் அறுந்துவிடும். பின்னால் அவர் மனைவியும் உட்கார்ந்திருப்பாள். கதிரேசனுக்கு ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. தகராறுக்கு முன்பொரு நாள், காய்ச்சலில் வலிப்பு வந்து வெட்டி இழுத்த தன் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது அந்த வண்டிதான்.

ஞாயிறு காலை அவர்கள் சர்ச்சுக்கு நடந்து போனதும் கதிரேசன் சுவரேறிக் குதித்தார். "முட்டாள், முட்டாள்" என்று திட்டிக்கொண்டே பின்சக்கர நட்டைத் தளர்த்தி, விரலால் அழுத்தினால் சற்று அமுங்கும்படி செயினை வைத்து, நட்டை மறுபடி முடுக்கினார். ஒவ்வொரு கண்ணியாக எண்ணெய் விட்டார். தரையில் சிந்தியதைத் தடம் தெரியாதபடி தன் துண்டாலேயே துடைத்தெடுத்தார்.