இலோகானோக் கிளியின் நான்கு சொற்கள்

ஒரு கப்பலின் சமையலறை உத்தரத்தில் இரண்டு கிளிகள் இருந்தன. ஒன்று ஆங்கிலம் பேசும். மற்றது பிலிப்பைன்ஸின் வடக்கே பேசுகிற இலோகானோ பேசும்.

"என்னிடம் ஐந்து லட்சம் சொல் இருக்கிறது. உன்னிடம்?" என்று ஆங்கிலக் கிளி தினமும் கேட்கும். மற்றது தலை குனிந்துகொள்ளும்.

ஒரு நாள் கிழட்டு எலி ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்த்தது. பதினோரு வருடம் கப்பலில் இருந்ததால் அதற்கு இரண்டு மொழியும் புரியும்.

"மூன்று நாள் பட்டினி. வாயில் ஒரு பல்கூட இல்லை. பூனை மேல்தளத்துக்குப் போயிருக்கிறது. ஒரே ஓட்டம்தான் ஓட முடியும். எங்கே ஓடட்டும்?"

ஆங்கிலக் கிளி முந்திக்கொண்டது. "வலது மூலையில் ரைஸ். இடது மூலையில் ரைஸ். தொட்டியில் ரைஸ். மேசைக்கடியிலும் ரைஸ்."

"அட போப்பா!" என்றது எலி.

இலோகானோக் கிளி மெல்லச் சொன்னது. "வலது மூலையில் பகாய், அது உமியோடு இருக்கிற நெல். இடது மூலையில் பகாஸ், அது அரிசி. தொட்டியில் இத்திப், பானையில் அடிப்பிடித்த காந்தல். மேசைக்கடியில் இன்னாப்புய், வெந்த சோறு. அங்கே ஓடுங்கள், பெரியவரே."

எலி ஓடியது. பூனை இறங்குவதற்குள் பதினேழு வாய் தின்றுவிட்டு வளைக்குத் திரும்பியது.

"ஐந்து லட்சத்தில் வெந்தது ஒன்றுகூட இல்லையே, தம்பி!" என்று உள்ளிருந்து சிரித்தது.

ஆங்கிலக் கிளி உத்தரத்தில் நகர்ந்து பக்கத்தில் வந்தது. "அந்த நாலாவதை இன்னொரு தரம் சொல்லேன்."

இலோகானோக் கிளி தலை நிமிர்ந்தது. நான்கையும், மேல்தளம்வரை கேட்கும்படி, முதலிலிருந்து சொன்னது.