அளவான ஸ்கேட்

குளிர்காலத்தில் மதியமே இருட்டிவிடும் வடகோடி ஊலு நகரத்தில், எர்க்கியின் ஐஸ் ஹாக்கிச் சாமான் கடையில் ஸ்கேட்டின் அடித்தகட்டைத் தீட்டும் கல் ஓய்கிறது. தீய்ந்த இரும்பு வாடை மட்டும் மிச்சம். சிறுமி வென்லாவின் குதிகாலைப் புது ஸ்கேட் காலணிக்குள் அழுத்துகிறார் கிழவர் எர்க்கி. விரல் நுழைய இடமில்லை. “அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு எல்லாரும் பெருசாத்தான் கேக்குறாங்க. கணுக்கால் மடங்கி விழுறது பிள்ளைங்கதானே? நீ ஒருத்திதாம்மா அளவாக் கேட்டிருக்க,” என்று அவள் தாயைப் பார்த்துச் சிரிக்கிறார். தாய் சிரிக்கவில்லை. தலைக்கவசம் போட்டுப் பார்க்க வென்லா கம்பளிக் குல்லாயைக் கழற்றுகிறாள். குழல்விளக்கின் வெளிச்சம் மருந்தில் ஒரு முடி விடாமல் உதிர்ந்த தலையில் வழுக்குகிறது. ஸ்கேட்டின் நாடாவை இழுத்த எர்க்கியின் கை அப்படியே நிற்கிறது. “அம்மா, அடுத்த வருஷம் இது காலைக் கடிக்குமே?” என்கிறாள் வென்லா. தாய் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனியைப் பார்க்கிறாள். “அடுத்த வருஷத்துக்கு ஒரு அளவு பெருசா எடுத்து வைக்கிறேன் கண்ணு,” என்கிறார் எர்க்கி, தலையை நிமிர்த்தாமல்.