கோழி மட்டும்தான் ஞாபகம்

பொய் சொல்கிறார். அப்பாவு மாமா பச்சையாகப் பொய் சொல்கிறார்.

"அஞ்சு வார்த்தை சொன்னேனே அங்கிள். திருப்பிச் சொல்லுங்க" என்றார் டாக்டர் தினேஸ்வரி.

"கோழி..." மாமா கூரையைப் பார்த்தார். "அவ்வளவுதாம்மா."

கோழி, சாவி, மழை, வாளி, செருப்பு. எஸ்பிஎம் பரீட்சையில் வரலாற்றுப் பாடத்தைக் கோட்டைவிட்ட எனக்கே நினைவிருக்கிறது.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறா?"

புதன். காலையில் கோப்பெங்கிலிருந்து வரும்போது, சிம்பாங் பூலாய் சிக்னலில் பக்கத்தில் நின்ற லோரியைக் காட்டி, "இது தொண்ணூத்தெட்டுல நான் ஓட்டுன வண்டிடா" என்று, நம்பர் பிளேட்டைப் பார்க்காமலே நம்பரைச் சொன்ன மனுஷன்.

வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் மாமா என் காலை மிதித்தார்.

ஈப்போவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இது. மறதி வந்த வயதானவர்களுக்குத் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, லேசாக மின்சாரம் விடுகிறார்கள். ஊசி இல்லை, வெட்டுவது இல்லை. ஞாபகம் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். இடம் குறைவு, காத்திருப்பவர்கள் நிறைய.

டாக்டர் என்னிடம் கேள்விகள் அச்சடித்த ஒரு பாரத்தை நீட்டினார். "வீட்டுல இவரு எப்படி இருக்காருன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க தம்பி. இதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம்."

வெளியே வந்ததும் வெடித்தேன்.

"என்ன மாமா நடிப்பு இது? நிஜமா மறக்கிறவங்க இடத்தைப் பிடுங்குறீங்க. வெட்கமா இல்ல?"

"சத்தம் போடாதடா தீபன்."

"உண்மையைத்தான் எழுதப் போறேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவின் மனைவி, நவமணி அத்தை கேட்டார். "தீபன், அடுப்பை அணைச்சோமா?"

"ஐயோ அத்தை! நாலாவது தடவை!"

அத்தை மாமாவைப் பார்த்தார். "எத்தனை வார்த்தை சொன்னீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா? போன மாசம் நானே ரெண்டு சொன்னேன்லா!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "உங்களுக்கு என்னைவிட மோசமா..."

போன மாதமா? அத்தையா?

மாமா என் காதருகே குனிந்தார். "தொப்பியைப் பார்த்ததும், 'நான் என்ன பைத்தியமா, கரண்டு வைக்க'ன்னு தள்ளிவிட்டு ஓடிட்டா. அழுகை வேற. அவ இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

அதற்குள் அத்தை டாக்டர் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இவரு சரியான பயந்தாங்கொள்ளி. தனியா மாட்டிக்க மாட்டாரு. எனக்கும் மாட்டுங்க. முதல்ல எனக்கு மாட்டுங்க, பார்த்துத் தைரியம் வரட்டும்."

மாமா மெல்லச் சொன்னார். "அவ ஒரு தடவை உட்கார்ந்துட்டா போதும்டா. நாளைக்கே நான் வேணாம்னு சொல்லிடுறேன். என் இடம் வேற யாருக்காவது போகட்டும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு அத்தை ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே மாமா, ரொம்பப் பயந்தவர் போல.

"எறும்பு ஊர்ற மாதிரிதாங்க இருக்கு" என்று மாமாவுக்குத் தைரியம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தீபன், அடுப்பை அணைச்சோமா?"

"அணைச்சாச்சு அத்தை."

"தம்பி, அந்தப் பாரம்?" டாக்டர் கை நீட்டினார்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்ன பாரம், நாலாக மடிந்து என் சட்டைப் பையில் கிடந்தது.

"எழுத மறந்துட்டேன் டாக்டர்" என்றேன்.