மஞ்சள் அறை

அல்மாட்டி கண்காட்சியில் மகள் தோக்ஜான் அமைத்த அறை முழுக்க ஒரே மஞ்சள் வெளிச்சம். அதற்குள் அப்பா பெக்துரின் கையில் இரண்டு ஆப்பிள்களைத் திணித்தாள்.

"இதுல எதுப்பா சிவப்பு?"

"தெரியலையேம்மா."

"யாருக்குமே தெரியாது. இந்த வெளிச்சம் எல்லா நிறத்தையும் முழுங்கிடும்."



வெளியே வெயிலில் அவர் மனைவி காத்திருந்தாள்.

"இப்பச் சிவப்பை அம்மாகிட்டக் குடுங்க."

கொடுத்தார்.

"பச்சையை நீட்டுறாரு பாரு," என்று மனைவி சிரித்தாள். "உங்கப்பா இன்னும் அந்த ரூம்லயேதான்டி இருக்காரு. ஏங்க, நேரத்தோட தூங்குங்க. நாளைக்கு உதவியாளர் இல்லாம முதல் தடவையா ரயில் ஓட்டப்போறீங்க."

"நாங்களும் அதுலதான்ப்பா வர்றோம்."

அவரால் இருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடமும் உதவியாளர் சிக்னலைப் பார்த்து நிறத்தை உரக்கச் சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொல்லியே ஓட்டியிருந்தார்.