நன்கொடை பீரோ

கல்லூரி நூலகத்துக்காக ஊரே நன்கொடை கொடுத்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு தடித்த இயற்பியல் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கண்ணாடிக் கதவு போட்ட மர பீரோ கொடுத்தார். கதவின் குறுக்கே அவர் பெயர் செதுக்கிய பலகை இருந்தது.

"கதவைத் திற. ஒரு பொண்ணு மூணு நாளா வெளிய நின்னு என்னையே பாத்துட்டுப் போறா," என்றது புத்தகம்.

"திறந்தா பேரு சுவத்துப் பக்கம் திரும்பிடும். அதனாலதான் பூட்டியே வெச்சிருக்காங்க," என்றது பீரோ.

"அப்ப நான் எதுக்கு? அந்தப் பேருக்குப் பின்னாடி அழகுக்கு நிக்கவா? வெயில்ல வண்டி ஓட்டுன காசுல வாங்குன புத்தகம்டா நான்."

பீரோவின் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு கரையான் உள்ளே வந்தது. வந்ததும் புத்தகத்தின் முதல் பாடத்தில் வாய் வைத்தது.

புத்தகத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னை விடு. கதவுல இருக்கறதும் மரந்தானே? போய் அந்தப் பேரைத் தின்னு."

"அங்க போயிட்டுத்தான் வர்றேன். இந்த பீரோவுலயே அந்தப் பலகைக்கு மட்டுந்தான் கரையான் மருந்து அடிச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு, கரையான் இரண்டாம் பாடத்துக்குப் போனது.